புதுசு என்று பெயர் வைத்த கோப்பு

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பட்டறையில் 'நேர்கோடு' என்று பெயர். வைத்தவன் நான்தான். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அவர் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம்: "கோடு நேரா இருக்கு." இல்லாவிட்டால், "கோடு நேரா இல்ல." வேறு பேச்சுக்கு அவரிடம் தெம்பு கிடையாது. "மாமா, இன்னைக்குச் சாப்பாடு எப்படி?" என்று ஒரு நாள் வேண்டுமென்றே வாயைக் கிளறிப் பார்த்தேன். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே "ம்" என்றார்.

டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறைதான் எங்கள் பட்டறை. பள்ளிக்கூட அரங்கம், கூட்டம் நடக்கிற மண்டபம், ஆஸ்பத்திரி வராந்தா என்று ஆள் பேசுவது கடைசி வரிசைவரை கேட்க வேண்டிய இடங்களுக்கு ஸ்பீக்கர் செய்கிறோம். நான் தச்சன். பெட்டி என் பொறுப்பு. அதில் கூம்புகளைப் பொருத்தி, வயர் பற்றவைத்து, கடைசியில் மாமாவின் மூலைக்குத் தள்ளிவிடுவோம்.

ஒரு பெட்டிக்கு இரண்டு கூம்பு. பெரியது தடித்த ஒலிக்கு, சின்னது மெல்லிய ஒலிக்கு. எந்த இடத்தில் பெரியது விலகிக்கொண்டு சின்னதிடம் விட வேண்டும் என்று ஒரு எல்லை வகுக்க வேண்டும். அதற்குப் பெயர் கிராஸ்ஓவர். மாடிப்படியில் பீரோ தூக்குகிறவர்கள் கை மாற்றிக்கொள்வது மாதிரிதான். ஒருவன் சீக்கிரம் விட்டாலும் வம்பு, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் வம்பு.

மாமா இதையெல்லாம் கம்ப்யூட்டரில் செய்வார். ஸ்பீக்கருக்கு எதிரே ஒரு தாங்கியில் பென்சில் தடிமனுக்கு ஒரு மைக் நிற்கும். பொத்தானை அழுத்தினால் ஸ்பீக்கரிலிருந்து அடித்தொண்டையில் ஒரு 'ஊ' கிளம்பும். ஏறி ஏறி 'ஈ' ஆகி, கடைசியில் காதுக்கு எட்டாமல் போய்விடும். மைக் கேட்டதை சாஃப்ட்வேர் திரையில் கோடாகப் போடும். மேடு இருந்தால் தட்ட வேண்டும், பள்ளம் இருந்தால் தூக்கிவிட வேண்டும். மறுபடி 'ஊ'. மறுபடி தட்டல். இத்தனை வருடம் அந்த ஊளையைக் கேட்ட மனிதர் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் குழாய்ச் சத்தத்துக்கே கண்ணை மூடிக்கொள்வார். பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் போட்டால் எழுந்து நின்றுகொண்டே வருவார்.

அக்காவுக்கும் பிழைப்பு காதில்தான். விசாரணைகளிலும் கூட்டங்களிலும் பதிவு செய்த பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பாள். ஜன்னல் ஓரமாக ஒரு மேஜை. அதன் மேல் இரண்டு பக்கமும் நான் செய்த சின்னப் பெட்டிகளில் மாமா பொருத்திக் கொடுத்த ஸ்பீக்கர்கள். மேஜைக்கடியில் காலால் அழுத்துகிற பெடல். அழுத்தினால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஹெட்போன் போட்டால் காது வேர்க்கிறது என்பாள். பத்தொன்பது வருட வேலை. இருமலுக்கு நடுவே விழுந்த சொல்லையும் பிடித்துவிடுவாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால், யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்து எழுதுவாள். அவள் இருக்கிற வீட்டில் அவளைப் பற்றி யாரும் முணுமுணுக்க முடியாது. நான் முயற்சி செய்து மாட்டியிருக்கிறேன்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் பட்டறையின் பழைய மைக் கீழே விழுந்து உயிரை விட்டது. புது மைக் வந்தது. மாமாவுக்கு என்ன தோன்றியதோ, கல்யாண நாளையே மறந்துபோகிற மனிதர், முதல் வேலையாக அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவின் ஸ்பீக்கர் இரண்டையும் புதிதாக அளந்து சரிசெய்து கொடுத்தார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். ஆசையாக உட்கார்ந்து பெடலை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் நெற்றி சுருங்கியது.

"என்னங்க, போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கே?"

மாமா திரையை அவள் பக்கம் திருப்பினார். "பாரு. கோடு நேரா இருக்கு."

"அது சரிங்க. ஆனா இவங்க சொல்ற ச, த எல்லாம்..."

"முன்னாடி தப்பா இருந்ததையே கேட்டுப் பழகிட்ட. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

சரியாகவில்லை. அக்கா ஒரே வரியை நாலு தடவை ஓடவிட ஆரம்பித்தாள். ஒரு மணி நேர வேலை இரண்டரை மணி நேரம் ஆனது. அப்புறம் தப்புகள் வந்தன. சின்னச் சின்னத் தப்பு, ஓர் எழுத்துத் தப்பு. பெரிய தப்பு ஒன்றே ஒன்றுதான், அது போதுமானதாக இருந்தது. ஏதோ ஓர் அலுவலகத்தில் இரண்டு குமாஸ்தாக்கள் கைகலந்துவிட்டார்கள். விசாரணையில் சாட்சி சொன்னது, "சட்டையைப் பிடிச்சு அடிச்சார்." அக்கா அடித்துக் கொடுத்தது, "கட்டையைப் பிடிச்சு அடிச்சார்."

ஓர் எழுத்தில் அந்த ஆள் கையில் ஆயுதம் வந்துவிட்டது. மூன்று வாரம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்களாம். பிறகு யாரோ அங்கேயே பதிவைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். தெள்ளத்தெளிவாக 'சட்டை'. அக்காவுக்கு வேலை கொடுக்கிற அம்மா ஃபோனில் திட்டக்கூட இல்லை. "உங்களுக்கு என்னம்மா ஆச்சு?" என்று மட்டும் கேட்டாராம்.

அன்று நான் சும்மா இருந்திருக்கலாம். "தச்சனோட கூடப் பொறந்தவதானே, கட்டைன்னுதான் காதுல விழும்" என்றேன். அக்காவும் சிரித்தாள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் மாமா வந்ததும் அக்கா கேட்டாள். "ஸ்பீக்கர்ல ஏதாவது ஆகியிருக்குமாங்க?"

மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அன்று அவருக்குப் பதினெட்டுப் பெட்டி. "ஸ்பீக்கர் நேரா இருக்கு. உனக்கும் அம்பது ஆகுதுல்ல. எல்லாருக்கும் காது தேயத்தான் செய்யும்" என்றார். குத்திக்காட்டவில்லை, ஆத்திரப்படவில்லை. களைத்துப் போன மனிதர், தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். திட்டியிருந்தால் அக்கா சண்டை போட்டிருப்பாள். இப்படிச் சொன்னதால் நம்பிவிட்டாள்.

காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தேன். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் தாளை ஒரு பார்வை பார்த்தார். "உங்க வயசுக்கு இது சாதாரணம்தாம்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லித் தாளை உறையில் போட்டுக் கொடுத்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அக்கா அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தாள். "அதான் சொன்னேனே, வயசு" என்றார் மாமா. உறை மேஜை இழுப்பறைக்குள் போனது. அடுத்த வாரம் அக்கா வேலையை விட்டாள். "தப்புத் தப்பா எழுதி இன்னொருத்தர் பொழப்பைக் கெடுக்க வேணாம்" என்றாள். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. நியாயம்தானே என்றுகூட எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உண்மையிலேயே காது கேட்காமல் போனது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பேசுகிறவர் வாயையே பார்ப்பாள். கேட்டது சரிதானா என்று சந்தேகம், அதனால் எதற்கெடுத்தாலும், "இன்னொரு தடவை சொல்லுங்க." நாங்கள் கத்துவோம். கத்தினால் முகம் வாடிவிடுவாள். கடையில் என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பாள். வேறு ஊரில் வேலை பார்க்கும் அவள் பெண், ஃபோனில் பேசுவதை விட்டுவிட்டு எழுதி அனுப்ப ஆரம்பித்தாள். "அம்மாவுக்கு இதுதான் ஈசி மாமா" என்றாள் என்னிடம். மாமாவோ, ஒன்றை மூன்று தடவை சொல்லச் சலித்து, அவசியம் இருந்தால் மட்டும் வாயைத் திறந்தார். முன்பே அவர் பெரிய பேச்சாளி இல்லை. இப்போது அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம்தான் அதிகம் பேசியது.

போன மாதம் ஒரு டீச்சர் பட்டறைக்கு வந்தார். ஐந்தடி உயரம், தோளில் அவரைவிடப் பெரிய பை. பின்னாலேயே எங்கள் ஸ்பீக்கர் ஒன்று வண்டியில் வந்து இறங்கியது.

"பின்னாடி வரிசைப் பிள்ளைங்க எல்லாம், சொல்லச் சொல்ல எழுதறப்ப தப்பா எழுதுது சார். 'பசி'ன்னா 'பதி'ன்னு எழுதுது. முன்னாடி உக்கார வச்சா சரியா எழுதுது."

மாமா பெருமூச்சு விட்டு மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே நிறுத்தினார். ஊளை ஏறியது. கோடு வந்தது. "கோடு நேரா இருக்கு" என்றார்.

டீச்சர் அசையவில்லை. அவர் வேலையே, தெரியாததைத் தெரியும் என்று சாதிக்கிறவர்களோடுதானே. "அப்ப அதையே ஒரு பேப்பர்ல போட்டுக் குடுங்க. என்னைக்கு அளந்தீங்க, எந்த மைக், அதோட நம்பர் என்ன, எல்லாம் இருக்கணும். நான் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும்."

மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மைக்கின் உடம்பில் பொறித்திருந்த நம்பரைப் படித்து எழுதினார். பிறகு கம்ப்யூட்டரில், அந்த மைக்குக்கான கோப்பைத் திறந்து நம்பரைச் சரிபார்த்தார். மறுபடி மைக்கைப் பார்த்தார். மறுபடி திரையை. இரண்டு நம்பரும் வேறு வேறு. நான் இழைப்புளியை வைத்துவிட்டு வந்தேன், அவர் முகம் அப்படி இருந்தது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு மைக்குக்கும் காது ஒவ்வொரு விதம். எந்த ஒலி அதற்கு எவ்வளவு மந்தமாகக் கேட்கும் என்று ஒரு கோப்பில் எழுதியிருக்கும். சாஃப்ட்வேர் அதைப் பார்த்து ஈடுகட்டிக்கொள்ளும். பழைய மைக்கை வாங்கிய போது, ஒன்பது வருடத்துக்கு முன்னால், மாமா அதன் கோப்புக்கு 'புதுசு' என்று பெயர் வைத்திருக்கிறார். அன்றைக்கு அது புதுசு. இப்போது வந்த மைக்கின் கோப்போ, கம்பெனி கொடுத்த வெறும் நம்பரோடு அதற்குக் கீழே கிடந்தது. எந்தக் கோப்பு என்று சாஃப்ட்வேர் கேட்ட அன்று மாமாவின் விரல் 'புதுசு' என்பதன் மேல் போய் அழுத்திவிட்டது. யார் விரலாக இருந்தாலும் அங்கேதான் போயிருக்கும்.

பழைய மைக்குக்கு மெல்லிய ஒலிகள் மந்தம். புது மைக் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் கேட்டது. ஆனால் கோப்பு அதற்கும் காது மந்தம் என்று சொன்னது. சாஃப்ட்வேர் நம்பியது, கேட்டதை உயர்த்திக் காட்டியது. இல்லாத மேட்டை மாமா பதினாலு மாதமாகப் பெட்டிக்குப் பெட்டி சிரத்தையாகச் செதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். பேச்சில் ச எது, த எது, க எது என்று காட்டிக்கொடுக்கிற ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன.

மாமா சரியான கோப்பைப் போட்டு, மறுபடி ஊளையை விட்டார். கோடு பாதி தூரம் நேராக வந்து, அப்புறம் சறுக்குமரம் மாதிரி இறங்கியது.

"இதுதான் நேரா?" என்றார் டீச்சர்.

மாமா என் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சட்டை" என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், அன்று அக்காவைக் கிண்டல் செய்தது ஞாபகம் வந்தது.

டீச்சரின் ஸ்பீக்கரை அங்கேயே சரிசெய்து கொடுத்தார். முதலாளி வந்ததும் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். முதலாளி சிரித்தார். "இத்தனை நாள்ல குறை சொன்னது இவங்க ஒருத்தர்தான். மத்த எல்லாரும் காதுக்கு இதமா இருக்குன்னு சொல்றாங்க. போட்டுக் குழப்பாதீங்க, விடுங்க."

"விட முடியாதுங்க" என்றார் மாமா. முதலாளியிடம் அவர் மறுத்துப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இப்போது விடுமுறை நாளெல்லாம் மைக்கையும் கம்ப்யூட்டரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, மண்டபம் மண்டபமாகப் போகிறார். இருநூற்றுச் சொச்சம் இடத்தில் முப்பத்தொன்று முடிந்திருக்கிறது. திரும்பி வரும்போது பார்த்தால் மனிதர் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருக்கிறார்.

ஆனால் அன்று வீட்டில் சொல்லவில்லை. ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. நான் போகும்போதெல்லாம் அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்றாம் நாள் பட்டறையில் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான்தான் சொல்லணும்."

"எப்ப? அவளுக்கு அறுபது ஆனதுக்கு அப்புறமா?"

அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றது பெரிசில்லப்பா. அவ தன் காதை விட்டுட்டு என்னை நம்பினா. அதை எப்படிச் சொல்றது?"

நானும்தானே அவள் காதை விட்டுவிட்டு அவரை நம்பினேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மூன்று மணிக்கு இரண்டு பேருமாக வீட்டுக்குப் போனோம். அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா ஜன்னல் ஓர மேஜைக்குப் போய் மேலே கிடந்த துணியை எடுத்தார். வேலையை விட்ட நாளிலிருந்து அந்த ஸ்பீக்கர்களை அக்கா மூடியே வைத்திருந்தாள். பழைய பதிவுகள் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தன. மாமா புதிதாக அளக்கவில்லை. பதினாலு மாதத்துக்கு முன்னால் அவர் செதுக்கியதை மட்டும் நீக்கினார். குனிந்து, மேஜைக்கடியிலிருந்த பெடலைக் கையால் அழுத்தினார்.

"சட்டையைப் பிடிச்சு அடிச்சார் சார்" என்றது ஒரு நடுங்கிய குரல்.

சமையலறையில் குழாய் நின்றது. அக்கா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அது சட்டை" என்றாள்.

"ஆமா."

அக்கா மேஜைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பில்லாத காலால் பெடலைத் தேடி அழுத்தினாள். சட்டை. எடுத்தாள், அழுத்தினாள். சட்டை. மூன்றாவது தடவை அழுத்திவிட்டு, காலை எடுக்காமல் பேச்சை ஓடவிட்டாள். சாட்சி இருமினார், யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள், தூரத்தில் ஒருவர் தண்ணீர் கேட்டார்.

மாமா நின்றுகொண்டே சொன்னார். மைக் மாறியது, கோப்பு மாறாதது, 'புதுசு' என்ற பெயர், டீச்சர், எல்லாம். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. அக்கா அவர் வாயைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். போன வேலை இனி வராது, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்து எட்டு மாதமாகிறது. இத்தனை மாதம் அந்த மேஜையைத் துணி போட்டு மூடி வைத்தது நாங்கள் இரண்டு பேரும்தான்.

அக்கா கத்தவில்லை. இழுப்பறையைத் திறந்து, அடியில் கிடந்த உறையை எடுத்து மாமாவிடம் நீட்டினாள். "டாக்டர் குடுத்தது. எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது."

நாள் முழுக்கக் கோடு பார்க்கிற மனிதர், அந்த ஒரு தாளை இதுவரை பிரித்துப் பார்த்ததில்லை. நானும்தான். டாக்டர் 'சாதாரணம்' என்று சொன்னதை மூன்று பேரும் சேர்ந்து 'போய்விட்டது' என்று கேட்டிருக்கிறோம். மாமா உறையைப் பிரித்தார். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று இரண்டு கோடு. தடித்த ஒலியில் தொடங்கி மெல்லிய ஒலிவரை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க போட்டிருக்கு?"

"கோடு நேரா இருக்கு" என்றார் மாமா.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

மாமா பதறிப்போய் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன், கேக்கலையா?"

"நல்லாக் கேட்டுச்சு" என்றாள் அக்கா. "இன்னொரு தடவை சொல்லுங்க."

மாமா இன்னொரு தடவை சொன்னார்.